ஐந்து பேருக்கு மேல் குளிக்கக் கூடாது

இன்ஸ்பெக்டர் எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்தபோது நான் பின்கட்டில் கல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் கல்லச்சில் படம் வரைவதுதான் என் வேலை. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் சித்திரம் கற்றிருந்தேன். ஒரு பெண் ஆண்களோடு அச்சகத்தில் வேலை பார்ப்பதே பெரிய குற்றம் என்று உறவுக்காரர்கள் பேசிய காலம் அது.

ஊரில் கலகம் நடந்து அடங்கியிருந்தது. ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று உத்தரவு. அதை வைத்து எங்கள் வாரப் பத்திரிகையில் நான் ஒரு படம் போட்டிருந்தேன். தாமிரபரணிப் படித்துறையில் ஐந்து பெண்கள் குளிக்கிறார்கள். ஆறாவதாகக் குடத்தோடு வருகிறவளைப் போலீஸ்காரர் தடியை நீட்டி மறிக்கிறார். கீழே ஒரு வரி: 'முதலில் உள்ளேயிருந்து ஒருத்தி கரையேறட்டும்.' எழுத்துத் தெரியாதவர்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பத்திரிகையை மேசையில் எறிந்தார்.

"யாருவே இதை வரைஞ்சது?"

முதலாளி வேலாயுதம் அண்ணாச்சி பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தார். படத்தின் அடியில் பெயர் இல்லை. எழுத்துக் கோக்கும் இசக்கியின் கைகளில் மை அப்பியிருந்ததைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் அவர் சட்டையைப் பிடித்தார். "ஏலே, நீதான?"

கலகத்தின்போது போலீஸ் காரணமே இல்லாமல் பிடித்துப்போய் அடித்ததில் இசக்கிக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. அவர் அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்த பிறகுதான் வெளியே வந்தேன்.

"அவரை விடுங்கய்யா. வரைஞ்சது நான்."

"பொம்பளைய முன்னால விட்டுத் தப்பிக்கப் பாக்கேரா வே?" என்று அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

"அப்படின்னா உக்காருங்கய்யா. உங்களையே வரைஞ்சு காட்டுதேன்."

உட்கார்ந்தார். கொழுப்பு மைக்கோலை எடுத்துக் கல்லில் அவர் முகத்தை வரைந்தேன். எட்டிப் பார்த்தவருக்கு ஒரே குஷி.

"எனக்குத் தழும்பு இடது கன்னத்துல. நீ மாத்திப் போட்டிருக்க. இதுதான் உன் லட்சணமா?"

"பொறுங்கய்யா."

கோந்தும் அமிலமும் தடவிக் காயவைத்தேன். கல்லை ஈரமாக்கி, உருளையால் மை ஏற்றி, தாளை வைத்து அழுத்தி எடுத்தேன். கல்லில் இடம் வலம் மாற்றி வரைந்தால்தான் தாளில் சரியாக விழும். தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. மீசையின் விறைப்புகூடப் பிசகவில்லை. கூட வந்த கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் இசக்கியை விட்டுவிட்டார்.

"ஒரு பொம்பள எங்களைக் கேலி பண்ணி வரைஞ்சான்னு மேலிடத்துக்கு நான் எப்படி எழுதுவேன்?"

"என் பேரு ஞானமணி. அப்படியே எழுதுங்கய்யா."

அவர் எழுதவில்லை. கல்லையும் தாளையும் தூக்கிக்கொண்டு போனார். பிறகு பல மாதம் எங்கள் வீட்டுத் தெருவில் ஒரு போலீஸ்காரர் நின்றார். எனக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தமும் முறிந்தது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் வேலைக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுவாரமே குழந்தைக் கல்யாணத்தைப் பற்றி ஒரு படம் வரைந்தேன். மணமேடையில் மாப்பிள்ளைக் கிழவர். அவர் மடியில் தூங்கிவிட்ட மணப்பெண். அண்ணாச்சி கல்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மூலையில என்னம்மா எழுதியிருக்க?"

"என் பேரு, அண்ணாச்சி."

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தின் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், விலங்கு இன்னொருவர் கையில் விழும்.