டாக்டர் சொன்னதில் பாதி

ஜோசலின் அக்காவும் நானும் குரோம்பேட்டையில் ஒரே துணிக்கடையில், சேலைப் பிரிவில் நிற்கிறோம். நாற்பத்திரண்டு வயதிலும் அவள் கன்னத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. என்ன கிரீம் போடுகிறாய் என்று கேட்காத வாடிக்கைக்காரி இல்லை. ஏசி குளிரில் அவள் விரல்கள் வெள்ளைவெளேரென்று போய், பிறகு நீலம் பாரிக்கும். அதை மட்டும் ஒருத்தியும் கேட்டதில்லை.

பிறகு வறட்டு இருமல் வந்தது. மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்கியது. நாங்கள் சானடோரியம் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிற ஜனங்கள். காசநோய் ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். எங்கள் தெருவில் யார் இருமினாலும் டாக்டருக்கு முன்னால் பக்கத்து வீடு நோயின் பெயரைச் சொல்லிவிடும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. யார் நம்பினார்கள்?

அக்காவின் தம்பி டேனியல் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தான். அதைக்கூட விடுங்கள். பிறந்ததிலிருந்து அத்தையின் பக்கத்திலேயே தூங்கிய தன் மூன்று வயது மகள் ஏஞ்சலை அவள் அறைக்குள் விடாமல் கதவைச் சாத்தினான். குழந்தை கதவைத் தட்டித் தட்டி அழும். உள்ளே இவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு இருமலை அடக்குவாள். அவனைப் படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்தவள் இவள்.

கடைசியில் நான்தான் சண்டை போட்டு நெஞ்சு டாக்டரிடம் இழுத்துப் போனேன். டேனியலும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தான். அந்த டாக்டரம்மா ஸ்கேனுக்கு முன்னால் அக்காவின் விரல்களைத்தான் பிடித்துப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார், பிடியில் சிக்கவே இல்லை. பிறகு ஸ்கேனையும் பார்த்துவிட்டு, இது காசநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது, தோலை இறுக்கிய அதே நோய்தான் நுரையீரலையும் இறுக்குகிறது என்றார். தழும்பாகிப்போன பகுதி இனித் திரும்பாது, மாத்திரை போட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் டேனியல் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டான். மனைவி சினேகாவுக்குப் போன் அடித்தான்.

"ஒட்டாதாம் சினேகா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பாப்பாவ இனிமே அக்காகிட்ட வுடலாம்."

ஜோசலின் அக்கா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மீதியயும் சொல்லு டேனியலு" என்றாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினான்.

"மீதியா? மீதி இன்னாக்கா சொன்னாங்க?"