வெர்னாவின் காதில் விழுந்த கன்றுகள்

வெர்னா ஹாலிகனுக்கு இருபத்தாறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. கெல்வினைக் கட்டிக்கொண்டு ஜூலியா கிரீக் என்ற ஊருக்கு வடக்கே இந்த மாட்டுப்பண்ணைக்கு அவள் வந்தது அதன் பிறகுதான். இருபத்து மூன்று வருஷமாகக் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துவந்தும், அவற்றின் கதறலை அவள் கேட்டதே இல்லை.

பால் மறக்கடிக்க ஆறேழு மாதக் கன்றுகளை இரும்புப் பட்டியில் அடைப்பார்கள். பசுக்களை வேலிக்கு அந்தப்புறம் விடுவார்கள். மூன்று நாளைக்கு இருபுறமும் கதறல் ஓயாது. வெர்னா பட்டிக் கம்பியில் உள்ளங்கையை வைத்து நிற்பாள். எங்கோ ரயில் போவதுபோல் ஓர் அதிர்வு முழங்கைவரை ஏறும். அது அடங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இந்த மே மாதம் டவுன்ஸ்வில் டாக்டர் புதிதாக ஒரு காது மிஷின் பொருத்தி அனுப்பினார். அவள் ஊர் திரும்பிய மறுநாளே கன்று பிரிப்பு.

கடைசிக் கன்றும் உள்ளே போனதும் பட்டிக்கதவு அறைந்து மூடியது. ஒரு குரல், பிறகு பத்து, பிறகு முந்நூறு. வெர்னா அப்படியே நின்றுவிட்டாள்.

கெல்வின் பக்கத்தில் வந்தான். “அதைக் கழட்டிடு வெர்னா. எங்களாலயே தாங்க முடியல.”

“இருக்கட்டும்.”

“அப்ப எங்கிட்ட குடுங்க முதலாளியம்மா, நான் காதை அடைச்சுக்கறேன்,” என்றான் மாடு மேய்க்கும் டார்சி.

அவள் சிரிக்கவில்லை. “வருஷா வருஷம் இப்படித்தான் கத்திச்சுங்களா?”

“இப்படித்தான்,” என்றான் கெல்வின்.

“நீ சொல்லவே இல்லையே.”

“நீ ஒருத்தியாவது நல்லா தூங்கணும்னு விட்டுட்டேன்.”

அவள் மிஷினைக் கழற்றவில்லை. கன்றுகளுக்கு வைக்கோல் போட்டாள், அவற்றின் நடுவே மெல்ல நடந்தாள். இரண்டாம் நாள் குரல்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. காது கிழிந்த செவலைப் பசு ஒன்றின் குரல் மட்டும் மணல் உரசுவதுபோல் வறண்டிருந்தது. வேலியை விட்டு நகராமல் அது தண்ணீரே குடித்திருக்கவில்லை. வெர்னா குதிரையேறி அதை ஒரு மைல் தள்ளியிருந்த தொட்டிக்கு ஓட்டிப்போனாள். மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டாள்.

நான்காம் நாள் விடியலில் எந்தச் சத்தமும் இல்லை. மிஷின் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். வெளியே வந்தபிறகுதான் புரிந்தது: முந்நூறு வாய்கள் வைக்கோல் மென்றுகொண்டிருந்தன, தூரத்துப் புல்லில் மழை இறங்குவதுபோல.

“அடுத்த வருஷம் தொட்டியை வேலி பக்கத்துலயே வச்சுடுவோம்,” என்றாள் கெல்வினிடம்.

“நீ சொன்னா சரி.”

மறுநாள் பட்டியைத் திறந்து, குதிரையேறி, தாயில்லாமல் முதன்முறையாகக் கன்றுகளை மேய்ச்சலுக்கு நடத்திப் போனாள். வெயில் இன்னும் ஏறவில்லை. புழுதி பொன்னாய் மிதந்தது. பசுக்கள் தொலைவில் புள்ளிகளாய்க் கலைந்திருந்தன. எதற்கோ மிரண்டு கன்றுகள் தலை தூக்கின. இன்னொரு நொடியில் சிதறி ஓடியிருக்கும்.

“ஒண்ணுமில்ல... மெதுவா...” என்றாள் வெர்னா.

தன் குரல் இவ்வளவு கனத்துப்போயிருப்பது அவளுக்கு இன்னும் புதிதாகவே இருந்தது. ஆனால் கன்றுகள் அந்தக் குரலுக்குப் பழகியவைபோல் நின்றன. ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தி மேயத் தொடங்கின. வெர்னா குதிரையிலிருந்து இறங்காமல், அதே சொற்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.