புது சைலன்சர் புகைந்த மத்தியானம்

கார் வெடிக்கப்போகிறது என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு நொடி பயந்தேன் என்று சொல்லி நழுவ விரும்பவில்லை, முழுசாக நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் மொத்தத்தையும் நம்பவைத்தேன்.

தொழிற்சாலை ஸ்டோரில் உதிரி பாகங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு சாமானின் பெயர் தெரிந்தால் அதை மாட்டவும் தெரியும் என்பது என் வெகுநாள் மூடநம்பிக்கை. எண்பதுகளின் கடைசியில் இரண்டு பேர் ஓட்டிக் களைத்த அம்பாசடர் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. அதன் சைலன்சர் துருவேறி ஓட்டையாகி, பால் பவுடர் டப்பாவின் தகடும் கம்பியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணாத்தே, நீ திருமுல்லைவாயில் தாண்டுறப்பவே இங்க எங்க ஊட்டுப் பாத்திரம் ஆடுது" என்பார் மேல் வீட்டுக்காரர்.

அந்த வருடம் மே மாதம் என் மனைவிக்கு சென்னீர்குப்பம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ வந்தது. பகல் மூன்று மணிக்கு. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து தபால் வழியில் பி.எட். முடித்தவள் அவள். அதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்களில் "அனுபவம் இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். "இதுவும் இல்லேன்னா சர்ட்டிபிகேட்டை எல்லாம் பரண்ல தூக்கி வெச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள் என்பதால் எனக்குப் பயம்.

"நான் பஸ்ல போய்க்கிறேங்க. பூந்தமல்லி பஸ் நம்ம வாசல்லதானே நிக்குது."

"வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கணுமா? நம்ம கார்ல ஜம்முனு போய் இறங்கு."

"அந்தக் கார்லயா? நான் உள்ள போறதுக்கு முன்னாடி அதோட சத்தம் போய் இண்டர்வியூல உட்கார்ந்துக்கும்."

அதற்குத்தான் ரோஷம் வந்து, பூந்தமல்லியில் ஒரு பாய் கடையில் புது சைலன்சர் வாங்கினேன். இண்டர்வியூ அன்றைக்கு லீவு போட்டேன். பிள்ளைகள் லீவுக்கு அவர்கள் மாமா வீட்டில் இருந்தார்கள். காலை எட்டு மணிக்கு பின்சக்கரங்களை மரக்கட்டைகள்மேல் ஏற்றிவிட்டு, லுங்கியோடு காருக்கு அடியில் மல்லாந்தேன்.

போல்ட்டும் நட்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினேன். தட்டினேன். மறுபடியும் ஊற்றினேன். பழைய சைலன்சர் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு வழியாகக் கழன்று, தனக்குள் இத்தனை வருடம் சேர்த்துவைத்திருந்த துருவை எல்லாம் என் வாயில் கொட்டியது. புதியதை மாட்டி கிளாம்ப்பை இறுக்கி, காரைக் கீழே இறக்கியபோது மணி ஒன்றே முக்காலைத் தாண்டிவிட்டது. அவள் புடவை கட்டி, பைலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ரகசியம் பேசுவது போலக் கிளம்பியது. எனக்கே வெட்கமாக இருந்தது, அத்தனை பெருமை. "கொஞ்சம் சூடாகட்டும், கை கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது காருக்கு அடியிலிருந்து புகை. முதலில் மெல்லிசாக, பிறகு சாம்பிராணி போட்டது மாதிரி குபுகுபுவென்று. என் தலைக்குள் ஒரே ஒரு சொல்தான் ஓடியது: மண்ணெண்ணெய். எங்கெல்லாம் ஊற்றினேன்? நனைந்த துணியை எங்கே வைத்தேன்? லுங்கியிலும் வாசனை அடித்தது. "தீ! தீ!" என்று கத்தினேன்.

வேறு பேட்டையாக இருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். எங்கள் ஜனம் அப்படியில்லை. தொழிற்சாலையில் சில மாதங்களுக்கு ஒரு முறை தீப்பயிற்சி நடக்கும். எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. மேல் வீட்டுக்காரருக்கோ தீயணைப்புப் பிரிவில்தான் வேலை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் வாயில் விசிலோடு இறங்கி வந்தார்.

"யாரும் கிட்ட போவாதீங்க! பானட்டைத் தொறக்காதே, காத்து பட்டா குப்புனு புடிச்சிக்கும்! இன்ஜினை நிறுத்தினியா?"

"இல்ல."

"இன்னாத்துக்கு நிறுத்தல?"

"கை கழுவப் போயிருந்தேன்."

"காரையே கை கழுவிகினு வந்து நிக்கிறியே நைனா!"

ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கைவிட்டுச் சாவியைத் திருகினார். அதற்குள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஏழெட்டு பேர் தாமாகவே வரிசை கட்டியிருந்தார்கள். பிளாக் வாசலில் தொங்கும் சிவப்பு வாளிகள் கைக்குக் கை மாறின. பூனைகளும் பீடி பிடிப்பவர்களும் பல வருடம் பயன்படுத்திய மணல் என் காருக்கு அடியில் கொட்டப்பட்டது. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துச் சுற்றிலும் கட்டினார்கள். புகை நின்று அரை மணி நேரம் வரை யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது, அதுதான் விதி. விதிப்படி அடுத்தது தலை எண்ணுவது.

"உன் ஊட்டுல எத்தினி பேரு?"

"இப்ப ரெண்டு பேர்."

"ஒண்ணுதான் கீது. தங்கச்சி எங்க?"

வாசலில் இல்லை. சமையலறையில் இல்லை. காரில் ஏறி உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. கயிற்றைத் தாண்டி ஓடினேன். "யோவ்! ரூலு, ரூலு!" என்று பின்னால் விசில் கிழிந்தது. பின்கதவைத் திறந்தேன். சீட்டில் யாரும் இல்லை.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, ஆனால் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடிய கணக்கு சிரிப்பாக இல்லை. தீ என்று கத்தியபோது நான் காரைத்தான் நினைத்தேன். போல்ட்டை நினைத்தேன், துணியை நினைத்தேன், லுங்கியைக்கூட நினைத்தேன். அவளை மேல் வீட்டுக்காரர் தலை எண்ணிக் கேட்ட பிறகுதான் நினைத்தேன். அவளுக்காகத்தான் காலையிலிருந்து துரு தின்கிறேன் என்று வேறு எனக்கு எண்ணம். அவள் கார் கேட்கவே இல்லை. கார் கதவைத் திறந்துவிட்டு, பள்ளிக்கூட வாசலில் நாலு பேர் பார்க்க நிற்க ஆசைப்பட்டது நான்.

ஆறு மணிக்கு வந்தாள். கயிற்றையும் மணலையும் பார்த்தாள்.

"தீன்னு அப்படிக் கத்தினேனே, கேக்கலையா?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுது. திரும்பிப் பாத்தேன். அண்ணன் விசில் ஊதினாரு, சரி, அவர் பாத்துப்பார்னு ஏறிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அப்பவே மணி ரெண்டுங்க. நீங்க கை கழுவப் போனா குளிச்சிட்டுத்தான் வருவீங்க."

மறுநாள் பாய் சொன்னார்: துருப் பிடிக்காமல் இருக்கப் புது சைலன்சர்மேல் எண்ணெய் பூசியிருப்பார்கள், முதல் தடவை சூடேறும்போது அது பத்து நிமிடம் புகையும், பிறகு தானே நின்றுவிடும். தீ எதுவும் பிடிக்கவில்லை. அவள் இண்டர்வியூவுக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தாள். வேலை கிடைத்தது. ஜூனில் சேர்ந்தாள்.