ஒரு மணி பத்து நிமிடம்

ஜேஜு தீவில் வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு வருடமாகியும், அறுவடைத் திருநாளுக்கு இன்சுக் ஒருமுறைகூடச் சியோலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனதில்லை. புருஷன் வீட்டு முன்னோர்களுக்குப் படைக்க மீனடையும் காயடையும் சுட்டே இடுப்பொடிந்தது.

இந்த வருடமும் மதியம்வரை அடுப்படியில்தான் கிடந்தாள். அப்போது சியோலில் கட்டிக்கொடுத்த நாத்தனார் மியொங் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அங்க படையல் முடிஞ்சதும் கிளம்பிட்டியா? சமத்து," என்று மகளைக் கொஞ்சினாள் மாமியார். "சியோல் என்ன தூரமா? பிளேன்ல ஒரு மணி பத்து நிமிஷம். பக்கத்துத் தெரு மாதிரி."

"அப்ப நானும் எங்கம்மாவைப் பாத்துட்டு வரேன் அத்தை," என்றாள் இன்சுக்.

"நல்ல நாளும் அதுவுமா, கடல் தாண்டி அவ்ளோ தூரம் எதுக்குடி?"

இன்சுக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ வந்த பிளேன் திரும்பிப் போறப்ப மட்டும் கடல் அகலமாயிடுமா அத்தை?"

டிவி முன்னால் காலை நீட்டியிருந்த கணவன் தோங்சு, "எதுக்கு வம்பு? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றான்.

"டிக்கெட் போன மாசமே எடுத்தாச்சு."

இன்சுக் ஏப்ரனை அவிழ்த்து அவன் மடியில் போட்டாள். தோசைத்திருப்பியைக் கையில் திணித்தாள்.

"மிச்ச மாவை நீங்க சுடுங்க. நான் பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டு வரேன்."