பொறுப்பாளர் நிரலில் ஒரே பெயர்

நான் ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர். வடிகான், மதகு, கொங்கிறீட் வீதி என்று எதைப் பார்க்கப் போனாலும் கையில் ஒரு சரிபார்ப்புத் தாள் இருக்கும். கல்முனையில் எங்கள் சிறிய கிறிஸ்தவ சபையின் வாலிபர் ஐக்கியத்தையும் அப்படித்தான் நடத்தினேன். சனிக்கிழமை பின்னேரம் பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் வாங்கு ஓய்ந்ததும் கிற்றார் தொடங்கும். பாட்டுக்குப் பதினைந்து நிமிடம், வாசிப்புக்குப் பத்து, வினாவிடைக்கு இருபது, பிறகு முடிவு ஜெபம், தேநீர். ஒரு நிமிடமும் பிசகாது. அதில் எனக்குப் பெருமை.

ஆனாலும் உயர்தரம் முடித்து வெளியூர் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தாலும் ஆலயப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. படிப்பு, வேலை, காதல் என்று அதற்கான காரணங்களையும் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

ஒருத்தி மட்டும் நிச்சயம் நிலைப்பாள் என்று நம்பினேன். வேத வினாவிடையில் அவளை எவரும் வென்றதில்லை. அவள் ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி விடுதிக்குப் போனாள். மூன்றாவது வாரம் வந்தவள், ஐக்கியம் முடியும்வரை வாசலிலேயே நின்றாள்.

“இனி நான் வரமாட்டன் அக்கா” என்றாள்.

அவளுடைய அறையில் மற்ற மூவரும் முஸ்லிம் பிள்ளைகள். விடியுமுன் தாங்களாகவே எழும்பி, கைகால் கழுவி வுளூச் செய்து, பாய் விரித்துத் தொழுவார்களாம். ஒரு நாள் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “நீ எப்ப புள்ள தொழுற?”

“சனிக்கிழமை எண்டு சொன்னன் அக்கா. ‘மத்த நாளெல்லாம் மேல இருக்கிற உன்ட ஆள் லீவா?’ எண்டு கேட்டாள். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்திட்டு.”

“பகிடிக்குத்தானே கேட்டிருக்கா?”

“ஓம், நல்ல பிள்ளதான். ஆனா பிறகு கட்டில்ல இருந்து ஜெபிச்சுப் பார்த்தன். உங்கட குரல்தான் வந்திச்சு. உங்கட வசனம், நீங்க இழுக்கிற மாதிரி ‘ஆமென்’. எனக்கெண்டு ஒரு சொல்லும் இல்ல. தெரிஞ்ச மாதிரி நடிக்க ஏலாது அக்கா.”

அன்று வீட்டுக்கு வந்து நிகழ்ச்சித் தாள்களை மேசையில் பரப்பினேன். மதகு இறங்கினால் வரைபடத்தைத் திரும்பப் பார்ப்பது என் தொழில். பிழை கண்ணெதிரே இருந்தது. ‘பொறுப்பாளர்’ என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர், என்னுடையது. வாரா வாரம் அவர்களுக்காக நானே ஜெபித்திருக்கிறேன். கேள்வியையும் நானே எழுதி, விடையையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் அங்கே தானாக வாய் திறந்து கடவுளோடு கதைத்ததில்லை.

அவளை அழைத்தேன். “இன்னும் ஒரு சனிக்கிழமை வா. நடத்திறது நீ. தாள் கிடையாது.”

“பிழைச்சா?”

“பிழைக்கட்டும்.”

அந்தச் சனிக்கிழமை நான் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். கிற்றார்க்காரன் சுருதி தவறித் தொடங்கினான். பாட்டு பாதியில் நின்றது. பிறகு மௌனம். மூன்று நிமிடம் இருக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எழும்பிவிடக் கூடாதென்று வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். எனக்குத் தெரிந்த அத்தனை ஜெபங்களும் தொண்டைவரை வந்து நின்றன.

அவள் கண்ணை மூடவில்லை. நிலத்தைப் பார்த்தபடி தொடங்கினாள்.

“ஆண்டவரே, என்ட கூட்டாளிமார் ஒவ்வொரு நாளும் உரிமையோட தொழுறாங்க. எனக்கு உங்களோட கதைக்கத் தெரியா. வெக்கமா இருக்கு. நீங்க கேக்கிறீங்களா எண்டும் தெரியா. கேட்டா, எனக்குச் சொல்லித் தாங்க.”

ஆமென் சொல்ல மறந்துவிட்டாள். அந்த இடைவெளியில் கிற்றார்க்காரன் புகுந்தான்: “எனக்கும் தெரியா ஆண்டவரே. பாட்டுக்காகத்தான் வாறன்.” யாரோ சிரித்தார்கள். சிரித்தவளே அடுத்ததாக ஜெபித்தாள். பள்ளிவாசலில் அந்தி மஃரிப் வாங்கு சொல்லும்போதும் ஐக்கியம் முடிந்திருக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது.

அதன்பின் வாரத்துக்கு ஒருவர் நடத்தினார்கள். விடை தெரியாத கேள்விகளும் வந்தன. எனக்கும் தெரியாதபோது தெரியாது என்றேன். வெளியூர் போனவர்களில் இருவர் விடுமுறையில் வந்து, “இப்ப கேள்வி கேக்கலாமாமே?” என்று முன்வாங்கில் குந்தினார்கள்.

உயிர்த்த ஞாயிறுக்கு அவள் வந்தபோது முகமே செய்தி சொன்னது. அன்று ‘லீவா?’ என்று கேட்ட அறைத்தோழியின் வாப்பாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்கள். வியாழக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு அந்தப் பிள்ளை இவளுடைய கட்டிலில் வந்து இருந்திருக்கிறாள்.

“‘நான் துஆக் கேட்டுட்டன். நீயும் உன்ட ஆளுட்டக் கேளு புள்ள’ எண்டாள். ‘இண்டைக்குச் சனிக்கிழமை இல்லயே’ எண்டன். அழுதுகொண்டே சிரிச்சாள் அக்கா. ‘உன்ட ஆளுக்குத்தான் இப்ப லீவு இல்லயே, காலமயும் நீ முணுமுணுத்து ஜெபிச்சது கேட்டிச்சு’ எண்டாள்.”

“பிறகு?”

“அவட கையப் பிடிச்சுச் சத்தமா ஜெபிச்சன். என்ட குரல்லதான்!”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சபையார் பார்ப்பார்கள் என்று அவளைக் கட்டிப் பிடித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

நிகழ்ச்சித் தாள் இப்போதும் உண்டு. அது இல்லாமல் என்னால் முடியாது. பொறுப்பாளர் நிரலில் வரிக்கு வரி வேறு வேறு கையெழுத்து. என் பெயர் அடியில், ஒரே வரியில் இருக்கிறது: தேநீர். இந்த வாரம் அது ஆறிப்போகாதபடி, எல்லோரும் ஜெபித்து முடித்த பிறகுதான் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.