ரேட் காட்டும் பக்கம்

அயல்நாட்டில் ஒரு மருந்துக் கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு, மதிய இடைவேளையில் ஊரிலிருந்து மனைவி தினமும் போன் செய்வாள். "என்னங்க, இன்னைக்கு ரேட் என்ன?" என்று பணமாற்று விலை கேட்டுத் தொடங்கும் பேச்சு, மகளின் இருமல், வீட்டுக்காரம்மாவின் முணுமுணுப்பு என்று நீளும்.

அவளுக்கு எதற்கு வீண் சிரமம் என்று, விடுமுறையன்று சின்னதாக ஓர் இணையப் பக்கம் அமைத்தார். அவர் அனுப்பும் தொகையைப் போட்டால், அன்றைய ரேட்டில் நம் பணமாக மாற்றிக் காட்டும்.

"கெட்டிக்காரர்தான்" என்று சிரித்தாள்.

மறுநாள் முதல் போன் வரவில்லை. கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லையே. தானே கூப்பிட்டால், உடம்புக்கு என்னமோ என்று பதறிவிடுவாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, போனையே பார்த்தபடி சாப்பிட்டார்.

சில நாள் பொறுத்தவர், பக்கத்துக்கு ரேட்டைக் கொண்டுவரும் நிரல் வரியை அழித்துவிட்டார். மதியமே போன் அடித்தது.

"என்னங்க, உங்க பக்கம் படுத்துடுச்சு. ஒண்ணுமே காட்டல."

"சரிபண்ண நாளாகும்மா."



"அவசரமே இல்லைங்க. மெதுவாவே பண்ணுங்க. அதுவரைக்கும் உங்களையே கேட்டுக்கறேன்."

அன்றைய ரேட்டைச் சொல்லிவிட்டு, மகளின் இருமலைப் பற்றிக் கேட்டார்.