மாமனாராகிவிட்ட சாம்பியன்

பாரிசின் லா சப்பலில் எங்கள் ஈழத்தவர் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் நினைவு மதியபோசனத்துக்கு வருவோரின் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். கல்வெட்டு என்போம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்சவழி, வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றை எழுதித் தரும்படி பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அறியாத மனிதரைப் பற்றிக்கூட ஒரு மாலைக்குள் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மனைவிக்கு எழுத வேண்டி வந்தபோது ஒரு வரியும் வரவில்லை.

ரூ காய் தெருவில் அச்சகம் வைத்திருப்பவர் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, வரலாறு இன்னும் வரேல்லை.”

“நாளைக்குத் தாறன்.”

“நேற்றும் இதைத்தான் சொன்னியள். இன்னும் எட்டு நாள்தான் கிடக்கு.”

அவள் ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் துணிகளுக்கு அயன் போடும் வேலை செய்தவள். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி இரவு பகலாக வன்னிப் போர்ச் செய்திகளைக் காட்டிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் போர் முடிந்தபின் அவள் செய்தி பார்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். ஒருநாள் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டு போனவள், பழைய குத்துச்சண்டைக் காட்சி ஒன்றில் நின்றுவிட்டாள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகப் பட்டம் வென்ற ஓர் அதிபாரப் பிரிவு வீரர், நடுங்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிரித்தபடியே அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

“உமக்கு என்னத்துக்கு இந்த அடிபிடி?” என்று கேட்டேன்.

“இது நூறு வருசத்துக்கு முந்தி விழுந்த அடியப்பா. இனி ஒருத்தருக்கும் நோகாது.”

அவள் நூலகத்திலிருந்து அவருடைய வாழ்க்கை நூலை எடுத்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். சாப்பாட்டு வேளையில் எனக்குச் சொல்வாள்: துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கறுப்பர் என்பதற்காகப் பட்டத்துக்குரிய சண்டையைத் தராமல் ஆண்டுக்கணக்கில் அலையவிட்டார்களாம், கடைசியில் வென்று, சில ஆண்டுகள் பட்டத்தைக் காத்து, கொளுத்தும் வெயிலில் ஒரு மைதானத்தில் தோற்றாராம். நான் பத்திரிகை வாசித்துக்கொண்டு “ஓம்” என்பேன். தோல்வியைச் சொன்ன அன்று எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எழுந்து போனேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்க மறந்துவிட்டேன்.

கெடு முடிய மூன்று நாள் இருந்தபோது, அவளைப் பற்றி எழுத முயல்வதைக் கைவிட்டு, அவள் சொன்ன அந்தக் கதையை எழுதினேன். அது தடையின்றி வந்தது. அவருடைய படம் ஒன்றையும் சேர்க்க நினைத்தேன். நினைவு நூலில் வெற்றுமேனிப் படம் ஒழுங்கில்லை என்று தோன்றியதால், கோட்டும் தொப்பியும் அணிந்து அவர் நின்ற ஒரு மங்கலான படத்தைத் தேர்ந்தெடுத்து, அவளுடைய படத்தோடு ஒரே உறையில் வைத்து, குறிப்பேதும் எழுதாமல் கொடுத்தேன். அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. அட்டையில் அவள் முகம் இருக்கும் என்று தெரியும். திறந்து பார்க்காமலே “சரி, அடியுங்கோ” என்றேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நூல்கள் எல்லாருடைய கைக்கும் போய்விட்டன. பாரிஸ் புறநகரான கூசேன்விலில் இருக்கும் அவளுடைய தமையன், விமான நிலையத்தில் வேலை செய்பவர், நூலை விரித்துப் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

“மச்சான், இது ஆர்?”

இரண்டாம் பக்கத்தில் சாம்பியன் நின்றார். கழுத்தில் மாலை, இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே, “அமரரின் அன்புத் தந்தையார்”. குடும்பத்தில் முன்பே இறந்தவர்களின் படத்தையும் சேர்ப்பது எங்கள் வழக்கம். அச்சகத்தார் இரண்டாவது படத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“எங்கட ஐயா எப்பயடாப்பா தொப்பி போட்டவர்?” என்றார் மச்சான். “அந்த மனுசனுக்கு வேட்டியே இடுப்பில நிக்காது. இஞ்சை பாருங்கோ, கோட்டும் கழுத்துப்பட்டியும்! உந்தக் கையைப் பாருங்கோ, பனங்குத்தி மாதிரி!”

பக்கத்திலிருந்த ஒருவர், “முகச்சாடை கொஞ்சம் இருக்குத்தானே அண்ணை?” என்றார். மச்சானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இங்கேயே பிறந்த என் மகள், “அப்போ இவர் எனக்குத் தாத்தாவா?” என்று பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மேசைக்கு மேசை நூல் திறக்கப்பட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

விளக்கம் சொல்லாமல் தீராது. எழுந்து நின்றேன். அவர் யார் என்று சொல்லத் தொடங்கினேன். அவளுக்கு அவரை எப்படித் தெரியும் என்று யாரோ கேட்க, அந்த மே மாதத்தைச் சொன்னேன், அகராதியைச் சொன்னேன், இனி ஒருத்தருக்கும் நோகாது என்று அவள் சொன்னதையும் சொன்னேன். அவள் போனபின் அவளைப் பற்றி நான் வாய்திறந்தது அதுவே முதல் தடவை. மைதானத்தில் அவர் தோற்றதோடு நிறுத்தினேன்.

“முடிவைச் சொல்லேல்லையே ஐயா,” என்றது ஒரு குரல். சலவைப் பகுதியில் பல ஆண்டுகள் அவளுக்கு அடுத்த மேசையில் நின்ற மன்னார்ப் பெண்மணி. “அக்கா எங்களுக்கு நெடுகச் சொல்லுறவ. பட்டம் போன பிறகும் அந்தாள் கனகாலம் சண்டை பிடிச்சதாம், சின்னச் சின்ன ஊரிலை, சனமில்லாத கொட்டகையளிலை. எங்களுக்குக் களைச்சுப் போச்செண்டால் அக்கா சொல்லுவா, ‘பட்டம்தானே போனது, கை போகேல்லையே. அயனை எடுங்கோடி.’”

எனக்கு அது தெரியாது. இத்தனை ஆண்டுகளில் அவள் தன் கதையின் பின்பாதியைக் கேட்கிறவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாள். வருந்துவதற்கு இடமிருந்தது, ஆனால் அந்த நேரம் என் மனத்தில் நிறைந்தது நன்றிதான். அவளுக்குக் கேட்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போனேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று அவர் எண்ணிவிட்டார்.

“ஐயா, பிழை என்னிலைதான். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுப் புதுசா அடிச்சுத் தாறன்.”

“கிழிக்க வேண்டாம். அவர் அங்கையே நிக்கட்டும். இன்னொரு பக்கம் சேர்க்கலாமோ?”

“ஓம். எழுதிக்கொண்டு வந்தனியளோ?”

இல்லை என்றேன். அவர் வெட்டுக்கடதாசி கிடந்த மேசையின் ஒரு மூலையை ஒதுக்கி, ஒரு பேனையைத் தந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. “என் மனைவி” என்று தொடங்கினேன்.